ஊட்டிக் குளிரில் மக்கர் செய்யும் ஜீப்: ரீபோருக்கு முன்னால் புகையைப் பாருங்கள்

கேள்வி: எமரால்டு பக்கம் கேரட், பூண்டு போடுகிறோம். அப்பா வாங்கிய மஹிந்திரா எம்எம்540 ஜீப், பியூஜோ டீசல் என்ஜின். டிசம்பர் வந்துவிட்டால் காலையில் ஸ்டார்ட் ஆகாது. ஹீட்டர் (சிலிண்டர் தலையில் சூடாக்கும் பிளக்குகள்) போட்டு செல்ஃப் அடித்தால் முதல் பத்து நொடி புகையே வராது. பிறகு வெள்ளைப் புகை குப்பென்று வரும். மூன்று நான்கு தடவை அடித்த பின் ஆட்டத்தோடு மூன்று சிலிண்டரில் பிடித்து, ஒரு நிமிடத்தில் சரியாகிவிடும். மதியம் ஒரே அடியில் ஸ்டார்ட். மண்டிக்கு லோடு கொண்டுபோய் மேட்டுப்பாளையத்தில் ராத்தங்கினால், காலையில் கொஞ்சம் இழுத்தாலும் புகையில்லாமல் பிடித்துவிடுகிறது. பேட்டரி புதுசு. ஊட்டி மெக்கானிக் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) பார்த்துவிட்டு, நான்கிலும் 300, 310 பிஎஸ்ஐதான் இருக்கிறது, என்ஜினைப் பிரித்து சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்தே ஆகவேண்டும் என்கிறார். பக்கத்துத் தோட்டத்து டிஐ ஜீப் ஹீட்டரே இல்லாமல் ஸ்டார்ட் ஆகிறது. ஸ்ப்ரே அடித்தால் சரியாகும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். அம்மா தினமும் ஒரு குடம் வெந்நீர் போட்டுத் தருகிறார், அதை ரேடியேட்டரில் ஊற்றுகிறேன். என்ன செய்வது?

பதில்: வணக்கம் தம்பி. ரீபோருக்கு என்று பணம் எடுத்து வைத்திருந்தால் அதை அப்படியே வைத்திருங்கள். என்ஜினைப் பிரிக்கச் சொல்லும் எதுவும் உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரியவில்லை. டீசல் பம்ப், டீசலைப் பீய்ச்சும் நாசில் வேலையில் முப்பது வருடமாக இருக்கிறேன். "காலையில் ஸ்டார்ட் ஆகலை" என்று ஒற்றை வரியில் எழுதுகிறவர்கள்தான் அதிகம். நீங்கள் புகை எப்போது வரவில்லை, எப்போது வந்தது என்று வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது.

முதலில் அந்தக் கம்ப்ரஷன் கணக்கைப் பார்ப்போம். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். என்ஜின் உள்ளே இழுக்கும் காற்றே கால் பங்கு குறைவு என்றால், அதை எவ்வளவு அமுக்கினாலும் கேஜில் முள் அந்த அளவுக்குக் கீழேதான் நிற்கும். உங்கள் 310 பிஎஸ்ஐயை சமவெளிக் கணக்குக்கு மாற்றினால் 400-ஐ ஒட்டி வருகிறது. இந்த வகை என்ஜினுக்கு அது நல்ல அளவு. மெக்கானிக் பொய் சொல்லவில்லை. சமவெளியில் எழுதிய புத்தகத்து எண்ணை வைத்துக்கொண்டு மலையில் அளந்திருக்கிறார், அவ்வளவுதான். எண்ணைவிட முக்கியமானது நான்கு சிலிண்டரும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பது. ரிங் தேய்ந்த என்ஜின் நான்கிலும் இப்படி ஒரே அளவாகத் தேய்வது அபூர்வம். ஒன்று 310, இன்னொன்று 230 என்று வந்திருந்தால் நானே பிரிக்கச் சொல்லியிருப்பேன். என்ஜின் சூடாக இருக்கும்போது பார்த்தாரா, ஆறிய என்ஜினில் பார்த்தாரா என்பதையும் கேட்டு வையுங்கள். ஆறிய என்ஜினில் இந்த அளவு வந்திருந்தால் இன்னும் நல்லது.

இப்போது புகைக்கு வருவோம். டீசல் என்ஜினை செல்ஃபில் சுற்றும்போது சைலன்சரில் புகையே வரவில்லை என்றால் சிலிண்டருக்குள் டீசல் போகவில்லை. கண்ணை எரிக்கும் டீசல் வாடையோடு வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, ஆனால் எரியவில்லை. இரண்டும் வேறு வேறு கோளாறு. உங்கள் வண்டியில் முதல் பத்து நொடி ஒன்று, அதற்குப் பிறகு மற்றொன்று. ராத்திரி நிறுத்தி வைத்ததில் டீசல் லைனில் காற்றுப் பிடித்து, டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கிவிடுகிறது. பம்ப் மறுபடி இழுத்து நிரப்பப் பத்து நொடி போகிறது. நிரம்பிய பிறகு டீசல் பாய்கிறது, ஆனால் அது எரியும் அறையில் அதைப் பற்றவைக்கும் சூடு இல்லை.

மேட்டுப்பாளையம் இதற்குச் சாட்சி சொல்கிறது பாருங்கள். அங்கேயும் காலையில் "கொஞ்சம் இழுக்கிறது" என்கிறீர்கள். காற்றுக் கோளாறு கீழே இறங்கியும் விடவில்லை. ஆனால் புகை இல்லை, ஏனென்றால் அந்த வெதுவெதுப்பில் ஹீட்டர் வேலை செய்யாவிட்டாலும் என்ஜின் சமாளித்துக்கொள்கிறது. இரண்டு சின்னக் கோளாறுகள் ஒரே காலையில் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்து, பெரிய வியாதி மாதிரிக் காட்டுகின்றன. ஒன்றை மட்டும் சரிசெய்தால் பாதிதான் தேறும். "பிளக் மாத்தியும் அப்படியேதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்து ரீபோருக்கே போய்விடுவார்கள். நிறையப் பேர் விழுவது இந்தக் குழியில்தான்.

பக்கத்துத் தோட்டத்து டிஐ ஜீப்போடு ஒப்பிடாதீர்கள். அதில் நாசில் நேராக பிஸ்டன் தலைமேல் டீசலை அடிக்கிறது. அமுக்கப்பட்ட காற்றின் சூடு அதிகம் வீணாகாது. உங்கள் என்ஜின் எக்ஸ்டிபி 4.90. நான்கு சிலிண்டர், 90 மில்லிமீட்டர் போர் என்பதை அந்தப் பெயரே சொல்லும், 2,112 சிசி. இதில் டீசல் முதலில் ஹெட்டில் உள்ள ஒரு சின்ன அறைக்குள் அடிக்கப்படுகிறது. காற்று ஒரு குறுகலான வாய் வழியாக அந்த அறைக்குள் நுழையும்போது குளிர்ந்த இரும்பைத் தொட்டுத் தொட்டுச் சூட்டை இழந்துவிடும். டீசல் தானாகப் பற்ற 210 டிகிரிக்கு மேல் வேண்டும். சூடான என்ஜினில் அது ஒரு விஷயமே இல்லை. உறைபனி காலையில் அந்த எல்லையைத் தாண்டத்தான் அறைக்குள் ஹீட்டர் பிளக்கின் மூக்கை நீட்டி வைத்திருக்கிறார்கள். ஆகவே உங்கள் வண்டிக்கு அது துணைச் சாமான் இல்லை, கட்டாயத் தேவை.

ஒரு விஷயத்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நானே அதில் அசடு வழிந்திருக்கிறேன். பல வருடம் முன்பு கொடைக்கானல் மன்னவனூரிலிருந்து இதே மாதிரி ஒரு ஜீப் கோயம்புத்தூருக்கு, என் பட்டறைக்கு வந்தது. மூன்று தடவை வந்தது. மூன்று தடவையும் எனக்கு முன்னால் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆனது. பம்ப் பார்த்தேன், நாசில் மாற்றினேன், பணமும் வாங்கினேன். கடைசியில் வெட்கப்பட்டு மேலே போய் ஒரு ராத்திரி படுத்தேன். காலை ஆறு மணிக்கு மீட்டரை வைத்த இரண்டாவது நிமிடத்தில் தெரிந்துவிட்டது, ஹீட்டர் பிளக்குகளை இணைக்கும் பட்டைக்கு 6 வோல்ட்தான் வருகிறது என்று. ரிலேயின் உள்ளே பாயின்ட் கருகியிருந்தது. குளிரில் வரும் வியாதியைக் குளிரில்தான் பார்க்கவேண்டும். மதியம் பட்டறைக்கு ஓட்டிப்போய்க் காட்டுவதால் பயனில்லை.

அதனால் ஒரு சாதாரண மல்டிமீட்டரை வாங்கி வைத்துக்கொண்டு, விடியற்காலையில் செல்ஃப் தொடுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். மீட்டரை பேட்டரியின் இரண்டு முனையிலும் வையுங்கள். நல்ல சார்ஜில் இருந்தால் 12.6 காட்டும். 12.2 என்றால் பாதி சார்ஜ்தான், புதுசு என்று சொல்லிப் பயனில்லை. இப்போது வீட்டில் ஒருவரை ஹீட்டர் சுவிட்சைப் போடச் சொல்லுங்கள். நான்கு பிளக்கும் உயிரோடு இருந்தால் மொத்தம் 40, 50 ஆம்பியர் இழுக்கும், பேட்டரி வோல்ட் சட்டென்று அரை வோல்ட் போல இறங்கும். அப்படியே அசையாமல் நின்றால் ஹீட்டர் வேலையே செய்யவில்லை. டேஷ்போர்டில் விளக்கு எரிகிறதே என்று கேட்காதீர்கள். பிளக் சூடாகிறதா என்று அந்த விளக்குக்குத் தெரியாது.

அடுத்து, கறுப்பு முனையை பேட்டரி மைனஸிலேயே வைத்துக்கொண்டு, சிவப்பு முனையை நான்கு பிளக்கையும் இணைக்கும் பட்டைமேல் வையுங்கள். ஹீட்டர் போட்ட நிலையில் அங்கே 11-க்குக் குறையாமல் வரவேண்டும். 8, 9 என்று வந்தால் சுவிட்சோ ரிலேயோ வயரோ நடுவில் சாப்பிடுகிறது. எதுவுமே வராவிட்டால் ஃபியூஸ், வயர் பாருங்கள். பேட்டரியில் இருக்கும் வோல்ட் அப்படியே பட்டையிலும் வந்து, ஆனால் பேட்டரி இறங்கவே இல்லை என்றால் கரன்ட் வாசல்வரை வந்து நிற்கிறது, உள்ளே பிளக்குகள்தான் செத்திருக்கின்றன. என் ஊகம் இதுதான். நான்கில் குறைந்தது இரண்டு போயிருக்கும். மூன்று சிலிண்டரில் ஆட்டத்தோடு பிடிப்பதற்கும் அதுதான் காரணமாக இருக்கும்.

எது செத்தது என்று பார்க்க, பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றிவிட்டு பட்டையை எடுத்துவிடுங்கள். மைனஸை மறுபடி மாட்டி, ஒரு டெஸ்ட் லேம்பின் ஒரு முனையை பேட்டரி பிளஸிலும் மறுமுனையை ஒவ்வொரு பிளக் தலையிலும் வையுங்கள். எரியாதது செத்தது. எரிந்தால் உள்ளே கம்பி அறுபடவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். நன்றாகச் சூடாகிறதா என்பதைக் கழற்றி வைஸில் பிடித்து 12 வோல்ட் கொடுத்தால்தான் தெரியும். மூக்கின் நுனி முதலில் சிவக்கவேண்டும். நடுவில் சிவந்து நுனி கறுப்பாக இருந்தால் அதுவும் கழிவுதான். கையில் பிடித்துக்கொண்டு பார்க்காதீர்கள். வெடித்துத் தெறிக்கும் பிளக்கையும் பார்த்திருக்கிறேன், முகத்தைத் தள்ளி வையுங்கள். சில பழைய வண்டிகளில் சுருள்கம்பிப் பிளக்குகளை சீரியலாக இணைத்திருப்பார்கள், தீபாவளி சீரியல் செட் மாதிரி ஒன்று போனால் நான்கும் அணையும். உங்களுடையதில் பட்டை இருந்தால் அந்த வகை இல்லை.

கழற்றும்போது அவசரம் கூடாது. வருடக்கணக்கில் திறக்காத பிளக் கார்பனில் பிடித்துக்கொண்டிருக்கும். முந்தின நாளே துருநீக்கும் எண்ணெய் அடித்து, என்ஜின் சூட்டோடு இருக்கும்போது முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். முறிந்து ஹெட்டில் தங்கினால் அப்புறம் நிஜமாகவே ஹெட்டைக் கழற்றும் செலவு. மாற்றும்போது நான்கையும் ஒரே கம்பெனியில், ஒரே வகையில் மாற்றிவிடுங்கள். புது பிளக் வாங்கும்போது எத்தனை நொடியில் சூடாகும் என்று கேளுங்கள். இப்போது வரும் வேகப் பிளக்குகள் சில நொடியில் சிவந்துவிடும். அப்பா பழகிக் கொடுத்தபடி அரை நிமிடம் சுவிட்சைப் பிடித்துக்கொண்டு நின்றால் ஒரே சீசனில் கருகிவிடும்.

ஹீட்டர் இவ்வளவும் சரி என்றாலும் என்ஜின் வேகமாகச் சுற்றவேண்டும். மெதுவாகச் சுற்றினால் அமுக்கிய காற்று சூடாவதற்குள் ரிங் இடுக்கில் கசிந்துவிடும். கிராங்க் புல்லியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, என்ஜினை அணைக்கும் ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்தபடி 5 நொடி செல்ஃப் அடித்து, செல்போனில் ஸ்லோமோஷன் எடுங்கள். ஃபேனுக்குள் துண்டு, சட்டை நுனி போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 5 நொடியில் 13 சுற்றாவது வரவேண்டும், 16 வந்தால் நன்று. குறைந்தால் செல்ஃப் மோட்டாரைக் குறை சொல்வதற்கு முன் எர்த் பாருங்கள். பழைய ஜீப்பில் என்ஜினுக்கும் சேசிஸுக்கும் நடுவில் உள்ள பின்னல் பட்டை அரித்துப்போய் நாலு இழையில் தொங்கிக்கொண்டிருக்கும். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி மைனஸுக்கும் என்ஜின் பிளாக்குக்கும் நடுவில் மீட்டர் வைத்து அரை வோல்ட்டுக்கு மேல் வந்தால் அங்கேதான் கோளாறு. பூஜ்யம் டிகிரியை ஒட்டிய குளிரில் பேட்டரியின் தெம்பே மூன்றில் ஒரு பங்கு வரை குறைந்துவிடும், அதில் எர்த்தும் பிடுங்கினால் என்ன மிஞ்சும்?

இனி காற்று. இதற்கு மீட்டர் வேண்டாம், பொறுமை வேண்டும். முதல் சோதனை மிகச் சுலபம். ராத்திரி அடங்கி, காலையில் செல்ஃப் அடிப்பதற்கு முன் டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்பின் கை பம்பை அமுக்குங்கள். பத்து இருபது அமுக்கு லேசாக, எதிர்ப்பே இல்லாமல் போய் அப்புறம் இறுகினால் லைன் காலியாக இருந்தது நிச்சயம். அப்படிக் கை பம்ப் அடித்த காலைகளில் முதல் பத்து நொடி வறட்டுச் சுற்று இல்லாமல் உடனே வெள்ளைப் புகை வந்தால் என் கணக்கு சரி. வண்டியை எந்தச் சரிவில் நிறுத்துகிறீர்கள் என்று எழுதவில்லை. மூக்கு மேலே பார்த்து நிற்கும் இரவுகளில் அதிகம் மக்கர் செய்கிறதா என்று கவனியுங்கள். டேங்க் கீழே, பம்ப் மேலே என்று ஆனால் டீசல் இறங்குவது சுலபமாகிவிடும்.

காற்று எங்கே நுழைகிறது என்பதுதான் எரிச்சலூட்டும் வேலை. ஓடும்போது டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரையுள்ள லைன் இழுக்கும் பக்கம். அதில் உள்ள ஓட்டை டீசலை வெளியே விடாது, காற்றை உள்ளே விடும். அதனால் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு அடி நீளத்துக்குக் கண்ணாடி மாதிரித் தெரியும் டீசல் ஹோஸைப் போட்டு, ஓடவிட்டுப் பாருங்கள். குமிழ் வந்தால் அதற்கு முந்தின பகுதியில் ஓட்டை. குமிழ் இல்லாமல் ஓடுகிறது, காலையில் மட்டும் காலியாகிறது என்றால் ஃபீட் பம்பின் வால்வுக்கடியில் தூசி உட்கார்ந்து மூடவிடாமல் செய்கிறது. அல்லது மேலே நாசில் ரிட்டர்ன் ஹோஸ் வெடித்திருக்கிறது. அந்தப் பின்னல் ஹோஸ் மீட்டருக்குக் கொஞ்சம் ரூபாய்தான், ஆனால் அதை யாரும் மாற்றுவதில்லை. பில்டர் மாற்றும்போதெல்லாம் பழைய காப்பர் வாஷரையே மறுபடி போட்டு முறுக்குவது இன்னொரு வழக்கம். ஒரு தடவை நசுங்கிய வாஷர் மறுபடி சீல் ஆகாது. எல்லாம் புதிதாகப் போடுங்கள். டேங்க் உள்ளே இறங்கும் குழாயில் மேல் பகுதி துருப்பிடித்துப் பொத்தலாகியிருந்தால், டேங்க் நிறைய இருக்கும்போது நன்றாக ஓடி, கால் டேங்கில் மக்கர் செய்யும். அதையும் ஒரு வாரம் குறித்து வையுங்கள்.

இவை இரண்டும் முடிந்தும் வெள்ளைப் புகை நின்றபாடில்லை என்றால் மட்டும் நாசிலைக் கழற்றுங்கள். இந்த வகை நாசில் பொதுவாக 110-லிருந்து 135 பார் அழுத்தத்துக்குள் திறக்கும், திறக்கும்போது பூவாகத் தெறிக்கவேண்டும். சொட்டினால் அந்தச் சொட்டு குளிர்ந்த அறையில் எரியாது, புகையாகத்தான் போகும். நாசில் டெஸ்டர் உள்ள கடையில் பத்து நிமிட வேலை. இப்போது கம்பெனி பெயர் பாஷ் என்று மாறிவிட்டாலும் பழைய கடைகளில் "மைக்கோ பம்ப் சர்வீஸ்" என்றே போர்டு இருக்கும், அங்கே கொடுங்கள். சமீபத்தில் பம்பைக் கழற்றி மாட்டியிருந்தால் டைமிங்கையும் (டீசல் பீய்ச்சும் நேரத்தையும்) சந்தேகியுங்கள். டைமிங் பின்தங்கினாலும் காலையில் இதே வெள்ளைப் புகைதான்.

டீசல் உறைந்திருக்குமோ என்று யாராவது சொல்வார்கள். டீசலில் மெழுகு கட்டி பில்டரை அடைக்கும் விஷயம் உண்மைதான். நம் நாட்டுத் தரப்படி பில்டர் அடைக்கத் தொடங்கும் வெப்பநிலை குளிர்கால டீசலில் 6 டிகிரிக்கு மேலும், கோடை டீசலில் 18 டிகிரிக்கு மேலும் போகக்கூடாது. லடாக்குக்காக 2019-இல் இந்தியன் ஆயில் தனியாக மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசலே கொண்டுவந்தது. ஆனால் மெழுகு கட்டினால் வண்டி ஸ்டார்ட் ஆன பிறகும் இழுக்காமல் திணறி நிற்கும். உங்களுடையது ஒரு நிமிடத்தில் சீராகிவிடுகிறது. அதனால் இதை ஒதுக்கிவிடலாம். மண்டிப் பக்கம் அக்டோபரில் நிரப்பிய டீசலை ஜனவரி வரை டேங்கில் வைத்திருக்கும் பழக்கம் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

ஸ்ப்ரே மட்டும் வேண்டவே வேண்டாம். அது ஈதர். சிவந்த ஹீட்டர் பிளக் உள்ள என்ஜினில் அதை அடித்தால் பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே வெடிக்கும். ரிங் உடைந்து, பிஸ்டன் பள்ளம் சிதறி, அப்போது மெக்கானிக் சொன்ன ரீபோர் உண்மையாகவே தேவைப்படும். ஏர் கிளீனர் வாயில் எரியும் துணியைக் காட்டுவதும் அதே ரகம். காலை நேர அவசரத்துக்கு இறக்கத்தில் உருட்டி ஸ்டார்ட் செய்வதில் தப்பில்லை, மலையில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் அப்படியே மூன்று வருடம் ஓட்டினால் கோளாறு மறைந்தே இருக்கும்.

கடைசியாக வெந்நீர். தினமும் புதுத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்றால் உங்கள் ரேடியேட்டரில் கூலன்ட் என்று எதுவும் மிச்சமிருக்காது. வெறும் தண்ணீர் உங்கள் ஊர் உறைபனியில் ஐஸ் கட்டினால் பிளாக்கிலேயே வெடிப்பு விழலாம். கொதிக்கிற நீரைச் சில்லிட்ட இரும்பில் கொட்டினாலும் அதே ஆபத்து. பம்ப்மேல் வெந்நீர் ஊற்றினால் உள்ளே இறுகிக்கொள்ளும், அதையும் செய்யாதீர்கள். ரேடியேட்டரின் கீழ்க் குழாயைத் திறந்துவிட்டுப் பாருங்கள், துருத்தண்ணீர் எந்த நிறத்தில் வருகிறது என்று. இரண்டு தடவை அலசிவிட்டு, கூலன்ட்டும் சுத்தத் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்து நிரப்புங்கள். அம்மா போட்டுத் தரும் வெந்நீரில் நீங்கள் குளித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போகலாம்.